மூளைப் பவளம் தனியே நிற்பது ஏன்?

அந்தக் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை எல்லாம் பேசின. மன்னார்க் கடலில் ஒரு தீவை ஒட்டி, ஆள் மட்டத் தண்ணீரில், ஒரே பாறையில் இரண்டு பவளங்கள் வாழ்ந்தன. அக்காள் மூளைப் பவளம். உருண்டை உடம்பு, அதில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். தங்கை மான்கொம்புப் பவளம். அக்காள் ஒரு விரற்கடை வளர்வதற்குள் தங்கை ஒரு முழம் வளர்ந்துவிடுவாள். உயரத்திலிருந்து கண்டதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அக்காள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதுவே இருவருக்கும் பொழுதுபோக்கு.

பவளங்களின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்தன. அவை வெயிலைக் கொண்டு உணவு ஆக்கி, தங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் ஊட்டின.

ஒரு கோடையில் தங்கையின் கிளைகள் அக்காளின் தலைக்கு மேலே கூரைபோல விரிந்தன. கீழே வெயில் விழவில்லை.

"அம்மா, எங்களுக்கு வெளிச்சம் இல்லை. ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறோம்" என்றன அக்காளின் பாசிகள்.

அக்காள் மேலே பார்த்தாள். "தங்கச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளேன்."

"கல்லாகிவிட்ட கிளையை எப்படி அக்கா சாய்ப்பது?"

"புதுக் கிளையாவது இந்தப் பக்கம் விடாதே."

"அது என் சொல்லைக் கேட்டா வருகிறது?" என்றாள் தங்கை. அவள் பொய் சொல்லவில்லை.

விலகிப் போக இருவருக்கும் காலில்லை. நாளாக நாளாக அக்காளின் ஒரு பக்கம் வெளுத்தது. பசி அவளை வாட்டியது.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும், இரை பிடிக்கும் சின்னக் கைகளை அக்காள் வெளியே விட்டாள். அவற்றில் சிலவற்றை என்றுமில்லாத நீளத்துக்கு நீட்டினாள். நுனியில் நஞ்சு இருந்தது. தங்கையின் கிளைகளை அவள் தொட்டாள்.

"அக்கா, என்னவோ சுடுகிறது. யாரோ வந்திருக்கிறார்கள். நீ பத்திரமாக இரு" என்றாள் தங்கை.

அக்காள் கையை எடுக்கவில்லை.

விடிந்தபோது அந்தப் பக்கத்துக் கிளைகள் எலும்பாக வெளுத்திருந்தன.

"நீயா?" என்று கேட்டாள் தங்கை.

"நான்தான்."

அதற்குப் பிறகு தங்கை பேசவே இல்லை. செத்த கிளைகள் அலையில் ஒடிந்து விழுந்தன. மிச்சமிருந்தவை எதிர்ப்பக்கமாக வளர்ந்து போயின. அக்காளின் மேல் வெயில் பட்டது. பாசிகள் பிழைத்து, பழையபடி ஊட்டின. அக்காள் சாப்பிட்டாள். உடம்பு தேறியது. "தங்கச்சி" என்று பல வருடம் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்டது யார் என்று திரும்பிப் பார்த்த கிளிமீன்கள்கூட நிற்காமல் போய்விட்டன.

அன்றிலிருந்துதான் மூளைப் பவளத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பாறை கிடக்கிறது. இருட்டியதும் அவள் கைகளை நீட்டித் துழாவுகிறாள், அந்த ஒரு சாணுக்குள் தொடுவதற்கு யாரும் இருப்பதில்லை.