ஓய்வுநாளில் எழுந்த புகை

சொரோவ்கா என்னும் ஆற்றங்கரை ஊரில் வாந்திபேதி பரவிய கோடைக்காலம் அது. யூதர் தெருவில் வாசற்கதவுகள் பகலிலும் சாத்தியே கிடந்தன. சவப்பெட்டி செய்பவர் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அவ்வூர் ஜெபக்கூடத்தில் முன்னின்று ஜெபத்தைப் பாடி நடத்துபவர் நப்தலி. நாற்பது வயதைக் கடந்தவர். ரபி எலியாக்கீமிடம் இளமை முதல் வேதம் பயின்றவர். தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் காலைதோறும் அவரிடம் கேள்வியோடு செல்பவர். தம் ஒரே மகள் திர்சாள் நோயில் விழுந்த மறுநாள், அவர் ரபியின் அறைக்குள் சென்றபோது உட்காரவில்லை.

"ரபி, நாள்தோறும் ஜெபிக்கிறோம். நோய் நிற்கவில்லை. நம் ஜெபத்தை எதுவோ தடுக்கிறது. அது என்ன?"

ரபி தம் மேலங்கியில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தேடிப் பார்," என்றார்.

நப்தலி அன்றே தேடத் தொடங்கினார். தையற்காரர் பேரேசைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். முதலில் இறைச்சிக் கடைக்குச் சென்று, கத்தியில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். பிசிறுள்ள கத்தியால் அறுத்த இறைச்சி யூதர்களுக்கு விலக்கு.

கடைக்காரர் சிமியோன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது, பாடகரே. இறைச்சி தின்ன ஆள் எங்கே? என் கத்திக்கு இப்போது வெங்காயம் நறுக்குவதுதான் வேலை."

"ஒவ்வொருவரும் தம் நடத்தையைச் சீர்செய்துகொள்ள வேண்டிய காலம் இது," என்றார் நப்தலி.

"செய்துகொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லையே!"

ரொட்டிக் கடையில் எடைக்கற்களைச் சோதித்தார்கள். குளியற்கூடத்தில் நீரின் ஆழத்தை அளந்தார்கள். எங்கும் சிறு பிழைகள் கிடைத்தன. ஓர் ஊரின்மீது நோயை இறக்கும் அளவுக்குப் பெரிய பிழை எதுவும் கிடைக்கவில்லை. திர்சாளின் கண்கள் குழிவிழுந்துகொண்டிருந்தன. நப்தலியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

ஓய்வுநாள் வந்தது. அன்று யூதர் வீடுகளில் நெருப்பு மூட்டலாகாது. அடுப்புகள் எல்லாம் அணைந்திருந்த தெருவில் நடந்த நப்தலி, ஆற்றோரம் தனித்து நின்ற கடைசி வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை எழுவதைக் கண்டார். அது பால்காரி ஹின்தாவின் வீடு. கணவனை இழந்தவள், இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு தனியே வாழ்பவள். வேலிக்கு வெளியே அவர் நின்று பார்த்தபோது, சன்னலில் ஹின்தா தோன்றிக் கையை வேகமாக வீசினாள். அவர் திரும்பி நடந்தார்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் அவர் எழுந்து நின்றார்.

"நம் நடுவே ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்று முதல் ஹின்தாவின் பாலை எவரும் வாங்கவில்லை.

ரபியிடம் சென்று, "கண்டுபிடித்துவிட்டேன்," என்றார்.

"எதைப் பார்த்தாய்?"

"புகையை."

"அடுப்பருகே யார் இருந்தார்கள்?"

"ஹின்தா."

"வேறு யார்?"

"வேறு யார் இருப்பார்கள், ரபி? அவள் தனியாள்."

ரபி, அந்த வாரத்திலேயே ஊர் முழுவதும் ஒருநாள் உண்ணாநோன்பு இருந்து கூடி ஜெபிக்க வேண்டும் என்று அறிவித்தார்.

நோன்பு நாளன்று காலையில் நப்தலி மகளின் கட்டிலருகே குனிந்தார். அவள் உதடுகள் வெடித்திருந்தன. அவர் மனைவி மில்க்காள் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்று மாலை இறுதி ஜெபம் இருக்கிறது, திர்சாள். சூரியன் மறையும்போது வானத்து வாயில்கள் அடைபடும். அதற்குள் உன் பெயரைச் சொல்லிவிடுவேன்."

"சத்தமாகச் சொல்லுங்கள், அப்பா," என்றாள் மகள்.

ஜெபக்கூடம் நிறைந்திருந்தது. நப்தலி வெண்ணிற அங்கி அணிந்து முன்னே நின்றார். பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்ளும் ஜெபத்தை அவர் பாட, அனைவரும் உடன் பாடினர். அவருடைய கை அவருடைய மார்பில் விழுந்தது. கண்கள் வரிசை வரிசையாக அலைந்தன. மேற்குச் சன்னலில் வெயில் மஞ்சளாயிற்று. இறுதி ஜெபத்துக்காக அவர் மூச்சை இழுத்தபோது, வாசலில் சலசலப்பு எழுந்தது.

ஹின்தா ஆண்களின் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பாவாடையின் விளிம்பு நனைந்திருந்தது. வேதச் சுருள் விரிக்கும் மேசையின்மீது கையை வைத்தாள்.

"ஜெபத்தை நிறுத்துகிறேன். என் வழக்கைக் கேளுங்கள்."

அது அவ்வூரின் பழைய உரிமை. அநீதிக்கு ஆளானவர் எவராயினும், அந்த மேசையில் கை வைத்து அவ்வாறு சொன்னால், வழக்குத் தீரும்வரை ஜெபம் தொடரலாகாது. பல ஆண்டுகளாக அந்த உரிமையை எவரும் பயன்படுத்தியதில்லை.

"இது என்ன, பால் விலை பேசும் இடமா?" என்று பேரேஸ் சீறினார்.

"என்னிடம் பால் வாங்குவதையே விட்டுவிட்டீர்கள், பேரேஸ். விலை பேச என்ன இருக்கிறது?"

யாரோ சிரித்து, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நப்தலி ரபியின் அருகே குனிந்தார். "சூரியன் இறங்கிவிட்டது, ரபி. நாளைக் காலையில் கேட்கலாமே!"

ரபி புத்தகத்தை மூடினார். "அவள் பேசட்டும்."

ஹின்தா பேசினாள். "மரத்தெப்பம் ஓட்டிவந்தவர்கள் நோயுற்ற ஒருவரைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் என் வீட்டில் கிடக்கிறார்."

"யூதனா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் அதை எப்படி ஐயா கேட்பது?"

"மேலே சொல்," என்றார் ரபி.

"தண்ணீரைக் காய்ச்சித்தான் அவருக்குக் கொடுக்கிறேன். செங்கல்லைச் சுடவைத்துக் காலடியில் வைக்கிறேன். ஆறினால் மறுபடியும் சுடவைக்க வேண்டும். ஓய்வுநாள் என்பதால் செங்கல் ஆறாமல் இருக்குமா?"

நப்தலியின் முகம் வெளுத்தது. "உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம். மீறியே ஆக வேண்டும், சட்டமே அதுதான். இதை நீ ஏன் சொல்லவில்லை?"

"எவரிடம் சொல்வது? நீங்கள் வேலிக்கு அப்பால் நின்றீர்கள். அவரை விட்டு நகர முடியாமல், சன்னலில் நின்று உங்களைக் கைவீசிக் கூப்பிட்டேன்."

"என்னை விரட்டுகிறாய் என்று எண்ணினேன்."

"உள்ளே வந்து கேட்டிருக்கலாம், பாடகரே."

நப்தலி மேசையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"அனைவரும் கேளுங்கள். அன்று நான் சொன்னது தவறு. அடுப்பு மூட்டியவள் சட்டத்தைக் காத்தாள். நான் அவளைப் பழித்தேன்." பின் ஹின்தாவிடம் திரும்பினார். "மன்னித்துவிடு. போதுமா?"

"மன்னிப்பை அடுப்பில் வைத்து எரிக்க முடியாதே! பால் வாங்குகிறவர்கள் எனக்கு விறகு தருவார்கள். நீங்கள் பேசிய பின்பு பாலும் போகவில்லை, விறகும் வரவில்லை. நான் படுத்து எத்தனை நாளாயிற்றென்று எனக்கே தெரியாது. இன்று நின்றபடியே தூங்கிவிட்டேன். குவளை கைதவறி உடைந்தது. எனக்கு விறகு வேண்டும். அவர் அருகே இருக்க ஓர் ஆள் வேண்டும். இப்போதே வேண்டும்."

"இறுதி ஜெபம் முடியட்டும். ஆள் அனுப்புகிறேன்."

"யாரை?"

நப்தலி வரிசைகளைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கண்களைத் தாழ்த்திக்கொண்டனர். அந்த நோய் எப்படித் தொற்றுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தொற்றியவர் என்ன ஆகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தேடிப் பாருங்கள், பாடகரே," என்றார் இறைச்சிக் கடைச் சிமியோன். "தேடுவதில் வல்லவர் நீங்கள்."

ரபி ஹின்தாவைக் கேட்டார். "எப்போது தடையை நீக்குவாய்?"

அவள் நப்தலியைச் சுட்டினாள். "இவர் விறகோடு இந்த வாசலைத் தாண்டியதும்."

"நானா?"

"பேசியவர் நீங்கள்."

வெயில் சன்னலின் கீழ்விளிம்புக்கு இறங்கியிருந்தது. நப்தலி ரபியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"ரபி, நான் இங்கே நிற்கும்வரை ஜெபம் நடக்காது. போய்விட்டால், நடக்கும் ஜெபத்தில் நான் இருக்க மாட்டேன். மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் பெயரை நான் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும்."

ரபி மூடிய புத்தகத்தை மேசைமீது வைத்தார்.

"தேடிப் பார்க்கச் சொன்னவர் நீங்கள்தானே!"

"ஆம். எங்கே தேடுவதென்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுப்பருகே யார் என்று உன்னைக் கேட்டேன். எழுந்துபோய் அவளைக் கேட்கவில்லை. இந்த வழக்கில் நானும் குற்றவாளி."

அவர் எழுந்து, குளிர்காலத்துக்காகச் சுவரோரம் அடுக்கியிருந்த ஜெபக்கூடத்து விறகை இரு கைகளாலும் அள்ளினார். வயதானவர், இரண்டு கட்டைகள் நழுவி விழுந்தன. குனிந்து அவற்றையும் எடுத்தார். நப்தலி அங்கியைக் கழற்றிப் பேரேசின் கையில் கொடுத்துவிட்டுக் கைகளை நீட்டினார். ரபி அவற்றின்மீது விறகை அடுக்கினார்.

"ஜெபத்தை நானா நடத்துவது?" என்று பேரேஸ் பதறினார். "எனக்குச் சுருதியே நிற்காதே!"

"சுருதி இருந்தவர் விறகு சுமக்கிறார்," என்றார் ரபி. "நீர் பாடும்."

நப்தலி தெருவில் விரைந்தார். ஹின்தா முன்னே நடந்தாள். வழியில் அவருடைய வீடு இருந்தது. சன்னல் திரைக்குப் பின்னால் மில்க்காளின் நிழல் அசைந்தது. அவர் கால்கள் நின்றன. விறகு கைகளை அழுத்தியது. மீண்டும் நடந்தார்.

ஹின்தாவின் வீட்டில் அடுப்பு அணையும் தறுவாயில் இருந்தது. மூலையில் கிடந்தவருக்கு வயதைச் சொல்ல முடியாதபடி முகம் வற்றியிருந்தது. ஹின்தா கரண்டியை நப்தலியிடம் கொடுத்தாள்.

"ஊற்றிவிடாதீர்கள், எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவார். சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். செங்கல் ஆறினால் மாற்றுங்கள்."

"நீ படுத்துக்கொள்."

அவள் வெளியே சென்றாள். தொழுவத்தில் படுக்கப் போகிறாள் என்று அவர் எண்ணினார்.

தொலைவில் ஜெபக்கூடத்திலிருந்து பேரேசின் குரல் கேட்டது. இராகம் தவறியது, மறுபடியும் பிடித்தது, மறுபடியும் தவறியது. நப்தலியின் உதடுகள் தாமாக அதைத் திருத்த முனைந்தன. கரண்டி நீர் நோயாளியின் கடைவாய் வழியே வழிந்து தலையணையை நனைத்தது. அடுத்த கரண்டியும் அவ்வாறே வழிந்தது.

அந்த உதடுகள் வெடித்திருந்தன.

"வாயைத் திற, திர்சாள்," என்றார் நப்தலி.

பின்னரே, தாம் எவரிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நோயாளியிடம் அசைவில்லை. அவர் இன்னும் அருகே குனிந்தார்.

"வாயைத் திற," என்றார் சத்தமாக. "திர்சாள், வாயைத் திற!"

ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கொம்பின் நீண்ட ஊதல் எழுந்து அடங்கியது. இறுதி ஜெபம் முடிந்துவிட்டது. சூரியன் மறைந்துவிட்டது. அவர் செங்கல்லை மாற்றினார்.

பொழுது விடிந்தபோது ரபி எலியாக்கீம் அந்த வாசற்படியில் நின்றார். நப்தலி வெளியே வந்தார். கைகளில் சாம்பல் அப்பியிருந்தது.

"தொழுவத்தில் ஹின்தாவைக் காணவில்லை, ரபி."

"உன் வீட்டில் இருக்கிறாள்."

"என் வீட்டிலா?"

"இங்கிருந்து நேராக அங்கேதான் போனாள். உன் மனைவியைப் படுக்க வைத்துவிட்டு, இரவெல்லாம் உன் மகளுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சற்று முன்புதான் மில்க்காள் எழுந்து, அவளைப் படுக்கச் சொன்னாள்."

நப்தலி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ரபியே சொன்னார்.

"காய்ச்சல் இருக்கிறது. உயிரும் இருக்கிறது."

தெருவில் ஒருவர் கையில் பாத்திரத்தோடு ஹின்தாவின் தொழுவத்தை நோக்கி நடந்தார். இறைச்சிக் கடைச் சிமியோன். பால் கறக்கத் தெரியாதவர். பசுக்கள் அவரை ஐயத்தோடு பார்த்தன.

"இறுதி ஜெபத்தில் என் மகளின் பெயரை எவரேனும் சொன்னார்களா, ரபி?"

"பேரேஸ் சொன்னார். அழுகையில் பாதிப் பெயர் விழுங்கப்பட்டது."

நப்தலி சாம்பல் படிந்த கைகளைப் பார்த்தார். ஒரே இரவில் குரல் கம்மியிருந்தது.

"ரபி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். நேற்றைய ஜெபம் ஏற்கப்பட்டதா?"

"அதை உன்னிடம் கேட்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்," என்றார் ரபி. "உள்ளே கிடப்பவர் தண்ணீர் குடித்தாரா?"