பேச்சியின் பிள்ளைகள் ஏன் பிறந்ததும் சாகிறார்கள்

வரையாடு முதன்முதலாக மலை உச்சிக்கு ஏறிய அந்தக் காலத்தில், அதன் உடம்பிலிருந்த உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர். உள்ளே வாழ்ந்தவர்களுக்குப் பேசவும் தெரியும், அழவும் தெரியும்.

அப்படி ஓர் உயிரணுவில் பேச்சி என்பவளும் அவளுடைய ஒரே மகன் விருமனும் இருந்தார்கள். ஊர் நடுவே ஓர் ஏட்டறை. ஊரின் வேலைகளெல்லாம் அங்கே மரபணு ஏடுகளாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அவற்றில் சில ஏடுகள் விருமனின் கை பட்டால் மட்டுமே திறக்கும்.

உச்சியில் பிராணவாயு குறைந்தது. ஊரார் மூச்சுக்குத் தவித்தார்கள். விருமன் ஏட்டறைக்குள் ஓடினான். காற்றில்லாமல் சர்க்கரையை எரிக்கும் ஏட்டையும், புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும் ஏட்டையும் திறந்தான். ஊர் பிழைத்தது.

ஆடு பள்ளத்தாக்குக்கு இறங்கியது. காற்று தாராளமாக வந்தது. விருமன் மட்டும் ஏடுகளிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சு முட்டியவர்களை அவனால் மறக்க முடியவில்லை. குழாய்கள் கண்டபடி பின்னிக்கொண்டன. ஊர் வீங்கிப் பெருத்துப் பக்கத்து ஊரை நெரித்தது. அங்கிருந்த அத்தனை பேரும் மாண்டார்கள்.

ஊருக்குக் கேடு செய்பவர்களுக்குப் பழுத்த இரும்பால் சூடு வைக்கும் சாத்தன் பேச்சியிடம் வந்தார். அவர் சூடு வைத்தவரை ஊர்க் காவலர்கள் கொண்டுபோய்த் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவார்கள். அவருடைய இரும்பு காற்று இருந்தால்தான் கனலும்.

“வேற வழி இல்லையா, அண்ணே?” என்றாள் பேச்சி.

“மூணு தடவை கெஞ்சிப் பாத்துட்டேன், தாயி. கையை எடுக்க மாட்டேங்கிறான்.”

பேச்சி ஏட்டறைக்குப் போனாள். “வா, விருமா.”

“நான் வந்துட்டா, மறுபடி காத்து நின்னா யாரும்மா திறப்பாங்க?”

“உன் தம்பி.”

“எனக்குத் தம்பி இல்லையே.”

“பெத்துக்கறேன்.”

அவன் கையை எடுத்தான். அவன் தோளை அவளே பிடித்துக்கொண்டாள். சாத்தன் சூடு வைத்தார்.

காவலர்கள் அவனைக் கொண்டுபோன பிறகு பேச்சி சாத்தனிடம் சொன்னாள். “அடுத்துப் பொறக்கிறவனும் இவனை மாதிரிதான் இருப்பான். காத்து இருக்கிற வரைக்கும், ஏட்டறைக்குப் போறதுக்கு முந்தியே அவனைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“அப்புறம் எதுக்குப் பெக்கணும், தாயி?”

“காத்து நின்னப்புறம் பெக்க நேரம் இருக்காது, அண்ணே.”

அன்று தொடங்கியதுதான் இது. இன்றும் ஆட்டின் உயிரணுக்களிலும் நம் உயிரணுக்களிலும் பேச்சி ஓயாமல் பெறுகிறாள். பிள்ளைகள் சில நிமிடங்களில் சாகிறார்கள். காற்று குறைந்து சாத்தனின் இரும்பு ஆறிப்போனால் மட்டும் ஒருவன் பிழைத்து ஏட்டறைக்குப் போகிறான். ஊரே மூச்சுக்குத் தவிக்கும் அந்த நேரத்தில்தான், பேச்சி தன் பிள்ளையைக் கண்ணாரப் பார்க்கிறாள்.