இரண்டு நாள் வாக்கியம்

ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில், ஒப்பிட்டுச் சொல்லும் சொற்களுக்கென்று ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் 'ஓல்ட்' என்றொரு கிழவர் குடியிருந்தார்.

மற்ற வீடுகளில் இருவரை ஒப்பிடுவதற்கு ஒரு பெண்தான் உண்டு. ஸ்மாலுக்கு ஸ்மாலர், குட்டுக்குப் பெட்டர். ஓல்டுக்கு மட்டும் இரண்டு பெண்கள். மூத்தவள் எல்டர், இளையவள் ஓல்டர். இருவருக்கும் பொருள் ஒன்றுதான்: வயதில் கூடியவள்.

ஒப்பிடும் சொல் தனியாக நின்றால் பாதி வாக்கியம்தான். யாரைவிட என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நாம் 'விட' என்று சொல்லும் இடத்தில் அங்கே ஓர் இளைஞன் வந்து நிற்பான். உச்சரிப்பு மறந்துவிடாமலிருக்கப் பிள்ளைகள் அவன் தலைக்குமேல் பென்சிலால் தமிழில் எழுதிவைப்பார்கள்: தேன்.

முன்னொரு காலத்தில் எல்டரும் தேனும் ஒரே வாக்கியத்தில் போய்வந்தவர்கள்தான். பிறகு ஓல்டர் வளர்ந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்று கிழவர் யோசித்தார். யோசித்ததைக் கட்டம் கட்டி, 'நினைவில் வை' என்ற தலைப்பில் அச்சடித்தும் விட்டார்கள். எல்டர் உறவுகளோடு மட்டும் நிற்பாள். அண்ணன், அக்கா, மகன், மகள் இவர்களுக்கு முன்னால். தேனோடு வரமாட்டாள்.

எல்டரை யாரும் கேட்கவில்லை.

"பெரியவளை வீட்டுல வச்சுக்கிட்டுச் சின்னவளை அவன்கூட அனுப்பிட்டாரு பாத்தியா" என்று எதிர்வீட்டு 'பேட்' தன் பெண்கள் வொர்ஸிடமும் வொர்ஸ்டிடமும் சொன்னாள். அவர்கள் அவரவர் தகுதிக்கு ஏற்றபடி அதைக் கூட்டிச் சொன்னார்கள்.

ஓல்டர் தேனோடு ஊரெல்லாம் சுற்றினாள். கோயில்களுக்குப் போனாள், கோட்டைகளுக்குப் போனாள். திரும்பி வந்ததும், ஆற்றங்கரையில் ஓர் ஆலமரம், பக்கத்துப் பாலத்தைவிட அதற்கு வயது கூட என்று அக்காவிடம் கதை சொல்வாள். நிழல் நன்றாக இருந்ததா என்று எல்டர் கேட்பாள். அவள் எந்த மரத்தின் பக்கத்திலும் நின்றதில்லை. விதியில் மரங்கள் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாம் வகுப்பு ஜெபமலர் தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தாள். 'கிருபா என்னைவிட மூத்தவள்' என்று சொல்ல வேண்டும். மூத்தவள் என்றதும் எல்டர் நினைவுக்கு வந்தாள். விட என்றதும் தேன் வந்தான். கட்டத்துக்குள் இருந்ததை அவள் படித்திருக்கவில்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து எழுதிவிட்டு நோட்டைக் கொடுத்துவிட்டாள்.

சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் விடுமுறை. ஆசிரியர்கள் அறையில், மூடிய நோட்டுக்குள், அவர்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது.

முதலில் எல்டர்தான் கேட்டாள்.

"எப்பவும் ரெண்டு பேருக்கு நடுவிலேயே நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?"

தேன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒருவர் உயர்த்தி ஒருவர் தாழ்த்தி என்று எத்தனையோ பேரை அளந்து கொடுத்திருக்கிறான். இதை யாரும் கேட்டதில்லை என்றான். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. பழைய வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் அவன் நினைவில் வைத்திருந்தான். எதில் எந்த எழுத்து மங்கியிருந்தது என்றுகூடச் சொன்னான். டீச்சர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டால் போதும், நோட்டு பழசாகும்வரை இப்படியே இருந்துவிடலாம் என்று எல்டர் நினைத்தாள்.

திங்கட்கிழமை சிவப்புப் பேனா வந்தது. அதற்குக் கோபமெல்லாம் இல்லை. இன்னும் முப்பது நோட்டு திருத்த வேண்டியிருந்தது.

"உன்னை யாரு இங்க வரச் சொன்னது?"

"எழுதினாங்க, வந்தேன்."

"எழுதினவ சின்னப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

எல்டர் தேனைப் பார்த்தாள். அவன் குனிந்து வரிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றாள்.

பேனா அவளை மட்டும் குறுக்கே அடித்தது. தலைக்குமேல் ஓல்டரை எழுதியது. ஓல்டர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள். தேன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவன்மேல் ஒரு கீறல் விழவில்லை.

பக்கத்தின் அடியில், 'கிருபா என் மூத்த சகோதரி' என்பதை ஆங்கிலத்தில் பத்து முறை எழுதிவரும்படி டீச்சர் குறித்திருந்தார். அன்று சாயங்காலமே ஜெபமலர் எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியிலும் எல்டர் வந்து நின்றாள். ஒவ்வொரு வரியிலும் 'சிஸ்டர்' என்ற சின்னவள் ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி வரியில் சின்னவள் மெல்லக் கேட்டாள். "இனிமே எங்களை விட்டுட்டுப் போகமாட்டல்லக்கா?"

"எங்கடி போவேன்" என்றாள் எல்டர்.

பத்து வரியிலும் ஒரு பிழைகூட இல்லை.