பின்பக்கத்து விடை

"டீச்சர், வீட்டுல போட்டா உருளைக் கணக்கு ஒண்ணுகூடத் தப்பாகறதில்ல. பரீட்சை ஹால்ல மட்டும் ஒண்ணுகூட வர மாட்டேங்குது. ஏன்?"

கேட்டவள் பூங்காவனம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், வயது முப்பத்தெட்டு. எழுத்தர் வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஓரிரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. வரும் ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு.

டீச்சர் சபூராவுக்கு இருபத்தாறு. நூலக மாடியில் வகுப்பு எடுக்கிறாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினாள். முன்பக்கம் ஓர் உருளையின் கொள்ளளவு கேட்கும் கணக்கு. பின்பக்கம் அதன் விடை.

"எல்லாருக்கும் இதேதான்க்கா. நாளைக்குப் போட்டுட்டு வாங்க."

மறுநாள் வகுப்பில் சத்தம்.

"டீச்சர், விடை தப்பு! விட்டம் பதினாலு, உயரம் நாலு. எனக்கு 616 வருது. பின்னாடி 2464-னு போட்டிருக்கு," என்றாள் கூடப் படிக்கும் ரிதன்யா.

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

பூங்காவனம் தன் நோட்டை மெல்ல மூடினாள். ரிதன்யா விடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, அக்காவுக்கு மட்டும் கரெக்டா 2464 வந்திருக்கு!"

ரிதன்யா பாராட்டாகத்தான் சொன்னாள். பூங்காவனத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகள் வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, சபூரா ஒரு தகர டப்பாவை மேஜைமேல் வைத்தாள். முறுக்கு வாங்கி வந்த வட்ட டப்பா.

"இதுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்க்கா?"

பூங்காவனம் யோசிக்கவே இல்லை. தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குக் கண்ணளவில் உலை வைப்பவள்.

"அரை லிட்டருக்கு மேல. முக்காலுக்கு உள்ள."

சபூரா ஸ்கேலை வைத்துக் காட்டினாள். குறுக்கே பதினான்கு சென்டிமீட்டர். உயரம் நான்கு.

"உங்க நோட்டுல எவ்வளவு?"

பூங்காவனம் நோட்டைத் திறந்தாள். அதில் இருந்தது 2464, ஏறக்குறைய இரண்டரை லிட்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றி, சோறு வடிக்கிறவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

சபூரா நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 'ஆரம் 14' என்று எழுதியிருந்தது. பதினான்கில் பாதிதான் ஆரம் என்று பூங்காவனத்துக்குத் தெரியாமல் இல்லை. அந்த 14-க்கு அடியில், ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோன தாளில், ஒரு 7 தெரிந்தது. கடைசி வரியில் 2464-க்கு அடியில், அதேபோல் அழித்த 616 தெரிந்தது.

"முதல்ல எது வந்துச்சுக்கா?"

"அறுநூத்துப் பதினாறு."

"அப்புறம்?"

"பின்னாடி திருப்பிப் பார்த்தேன்."

பூங்காவனம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "சத்தியமா டீச்சர், நான்தான் தப்பா போட்டிருப்பேன்னு நினைச்சேன். நான் எட்டாங்கிளாஸோட நின்னு, பத்தாவதை அப்புறமா பிரைவேட்டா எழுதினவ. அச்சடிச்சவங்க தப்பா போடுவாங்களா?"

"அச்சடிச்சது நான்தான். வேணும்னேதான் தப்பா போட்டேன்."

பூங்காவனம் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தின பக்கத்தை ஜன்னலில் பிடித்தாள். அதற்கு முந்தினதையும் பிடித்தாள். ஒவ்வொரு விடைக்கு அடியிலும் அழித்த இன்னொரு விடை இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளே போட்டுக்கொண்ட சரி அடையாளம், சிவப்பு மையில். ஒன்றரை வருஷமாக இப்படிப் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்துச் சரியாக்கித்தான் வீட்டில் தூங்கப் போயிருக்கிறாள்.

சபூரா ஒரு வெள்ளைத் தாளில் கணக்கு ஒன்றை எழுதி நீட்டினாள். பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, பேனாவைக் கொடுத்தாள்.

விட்டம் 28. உயரம் 15.

பூங்காவனம் போட்டாள். பாதியாக்கினாள், பெருக்கினாள், 9240 என்று எழுதினாள். கை தன்னால் தாளைத் திருப்பியது.

பின்பக்கம் ஒன்றுமில்லை.

"சரியா, டீச்சர்?"

"தெரியலக்கா. நான் இன்னும் போட்டுப் பாக்கல."

பூங்காவனம் தாளை முன்பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவால் விடைக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.