பூதலராயர் டாட் காம் கைநழுவிய கதை

அன்று சபையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜா பூதலராயர். ராணி. பொக்கிஷதார் திம்மண்ணா. ஓலை வாசிக்கும் அமிர்தகடேசம். சபையைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய தாண்டவன். சாமரம் வீசுகிறவர்கள் இருவர். மேளக்காரர்கள் நால்வர். யானைப்பாகன் ஒருவன். ஆகப் பன்னிரண்டு பேர். வாசலில் நின்ற யானை கணக்கில் தனி.

கிரீடமும் கம்ப்யூட்டரும் ஒரே காலத்தில் இருந்த ராஜ்யம் அது. எப்படி என்று என்னைக் கேட்கக் கூடாது. ராஜாவுக்குத் தன் இணையதளம் என்றால் உயிர். பல் துலக்கும் முன்பே 'பூதலராயர் டாட் காம்' என்று தட்டித் தன் படத்தைப் பார்த்துக்கொள்வார். மாமனார் நாட்டில் சிக்னல் கிடையாது. அங்கே இரண்டு மாதம் விருந்து சாப்பிட்டுத் திரும்பியவர், அன்று ஆசையாகத் தட்டினார். படம் வரவில்லை. இந்தப் பெயரின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

விசாரித்தார்கள். இணையப் பெயருக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். இந்த வருஷம் யாரும் கட்டவில்லை. நினைவூட்டும் கடிதம் மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றையும் அமிர்தகடேசம் வாசிக்கவில்லை. அமங்கலமான சொல் ராஜா காதில் விழக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

"பூதலராயர் காலாவதியாகப் போகிறார் என்று எழுதியிருந்தது, மகாராஜா. அதை எந்த வாயால் வாசிப்பேன்? வாசித்தால் என் தலை போயிருக்கும்" என்றார் கிழவர்.

"இப்போது வாசிக்காததால் போகப் போகிறது" என்றார் ராஜா. ராணி முகத்தைச் சுளித்ததால் தண்டனையைக் கொஞ்சம் குறைத்தார். பெயர் திரும்பி வராவிட்டால் அமிர்தகடேசம் ராஜ்யத்தை விட்டே போக வேண்டும்.

திம்மண்ணா தொண்டையைச் செருமினார். எட்டாம் நாள் உச்சிவேளையில் அந்தப் பெயரை அவிழ்த்து விடுவார்கள் என்றார். விழுகிற நொடியில் யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கே அது சொந்தம். அப்படிப் பிடிப்பதையே தொழிலாகச் செய்யும் பிடிகாரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குப் பேக்ஆர்டர் என்று பெயர். பிடித்தால்தான் கூலி. தாம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னார். யார் பெயரில் என்று ராணி கேட்டதும் அவர் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு, பிடித்து ராஜாவிடம் ஒப்படைத்தால் இலுப்பைக்குளம் கிராமத்தைத் தமக்குத் தர வேண்டும் என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. "தாண்டவா, என் பெயர் எனக்கு வேண்டும். நான் வரிசையில் நிற்க மாட்டேன். ஆட்டுச் சந்தையில் நிற்பவன் மாதிரி ஏலம் கேட்க மாட்டேன். தவணை தவறியதற்கு அபராதமும் கட்ட மாட்டேன். அபராதம் நான் போடுவது, கட்டுவது அல்ல."

தாண்டவன் ஒன்றும் தெரியாதவன் போலத் திம்மண்ணாவிடம் திரும்பினான். அந்த எட்டு நாளும் பெயர் தெருவிலா கிடக்கும் என்று கேட்டான்.

"மண்டூகமே, கடைசி ஐந்து நாள் பூட்டியிருக்கும். பழைய சொந்தக்காரர்கூடத் தொட முடியாது."

தாண்டவன் எட்டு விரலை நீட்டி, ஐந்தை மடக்கினான். மிச்சம் நின்ற மூன்று விரலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னொருவரும் அதே பிடிகாரரிடம் சொல்லி வைத்திருந்தால்?"

"எங்கள் இருவருக்குள் ஏலம் நடக்கும்."

"ஐயோ, செலவு ஏறுமே. பொக்கிஷதார் பாவம், தாங்குவாரா?"

வேறு யாரும் சொல்லி வைக்கவில்லை என்பது திம்மண்ணாவுக்குத் தெரியும். ஆகவே மார்பைத் தட்டினார். "பெயர் மகாராஜா கைக்கு வர ஆகும் செலவு எதுவானாலும் என் தலையில்." தாண்டவன் காது மந்தம் என்று சொல்லி அதை இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்தான். மேளக்காரர்கள்கூடக் கேட்டார்கள்.

மறுநாள் ராஜாவுக்கு ஒரு போன் வந்தது. தாண்டவன் சொல்லிக் கொடுத்தபடி "ஆமாம், என்னுடையதுதான்" என்று மட்டும் சொல்லி வைத்தார். எட்டாம் நாள் வரை வாய் திறக்கக் கூடாது என்பதும் தாண்டவன் போட்ட நிபந்தனை. ராஜா தினமும் போர்வைக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். ராணி வைத்தியரை அழைக்கலாமா என்று யோசித்தார்.

திம்மண்ணா ஒரு தரம் தட்டிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் அவர் மடைப்பள்ளியில் நூற்றொரு லட்டுப் பிடிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் வந்தது. பழைய பன்னிரண்டு பேரோடு, திம்மண்ணா அழைத்து வந்த பிடிகாரர்கள் இருபது பேரும் கம்ப்யூட்டர்களின் முன் விரலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். உச்சிவேளை ஆனது. மேளம் முழங்கியது. இருபது பேரும் தட்டினார்கள், தட்டினார்கள், ஆலங்கட்டி மழை போலத் தட்டினார்கள். யானை பிளிறியது. பெயர் விழவில்லை. அமிர்தகடேசம் மூட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திம்மண்ணா வியர்த்துப்போய்ப் பெயர்ப் பதிவாளருக்குப் போன் போட்டார். "அது போன வாரமே சொந்தக்காரர் கைக்குப் போய்விட்டதே, சார். பார்க்கவில்லையா?" என்றது மறுமுனை.

"பூட்டுவதற்கு முன் மூன்று நாள் பாக்கி இருந்தது, ஐயா" என்றான் தாண்டவன். "அபராதம் கட்டினால் பழைய சொந்தக்காரர் மீட்டுக்கொள்ளலாம். வேறு யாராலும் முடியாது. குளத்துக்காரர் மீனை அள்ளிக்கொண்டார். நீர் வெறுங்குளத்தில் வலை வீசினீர்."

"அபராதமா? நான் கட்டவே இல்லையே" என்றார் ராஜா.

"நீங்கள் கட்டவில்லை, மகாராஜா. பதிவாளர் போனில் கேட்டபோது என்னுடையதுதான் என்றீர்கள், அவ்வளவுதான். நான் கடன் வாங்கிக் கட்டினேன். செலவு எதுவானாலும் தம் தலையில் என்று பொக்கிஷதார் மூன்று முறை சொல்லியிருக்கிறார்." ரசீதை மடித்துத் திம்மண்ணாவின் தலைப்பாகையில் பதமாகச் செருகினான்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு சாமரக்காரர் மடியில் விழுந்தது. இலுப்பைக்குளம் தாண்டவனுக்குப் போனது. அமிர்தகடேசம் மூட்டையைப் பிரித்தார். அடுத்த வருஷம் நினைவூட்டும் கடிதம் வந்தால் எப்படி வாசிப்பது என்று தாண்டவனிடம் மெல்லக் கேட்டார். மன்னர் பெயருக்கு ஆயுள் விருத்தி செய்யும் நாள் வருகிறது என்று வாசிக்கும்படி தாண்டவன் சொன்னான். இன்றுவரை அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

பிறகு லட்டு. முப்பத்தொரு பேர் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். யானை முப்பத்தேழு சாப்பிட்டது. திம்மண்ணா பசி இல்லை என்றார்.

மிச்சம் இரண்டு.