சலோமி நூல் கோத்த கதை

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு தையல் மிஷினு இருந்துச்சாம். கால்ல மிதிக்கிற மிஷினு. அதை ஓட்ட ரெண்டு பேரு இருந்தாங்க. அக்கா சலோமி, தங்கச்சி ரெஜினா. சலோமிக்குச் சின்னதுலயே அம்மை போட்டு கண்ணு மங்கிப்போச்சு. அதனால நூல் கோக்கறது ரெஜினா, மிதிச்சுத் தைக்கறது சலோமி. டக டக டகன்னு ஊருக்கே தைச்சாங்க. கேக்குறியா?

"ம்."

அப்புறம், கோயில் கொடியேத்தத்துக்குப் போடணும்னு ரெஜினா தனக்கு நீலத் துணில ஒரு ரவிக்கை வெட்டி வெச்சா. வெட்டின மறுநாளே காய்ச்சல். மூணே நாள்தான். காலைல மூச்சு நின்னுபோச்சு.

வீடு பூரா சனம். நாலு மணிக்கு எடுக்கணும். சித்தி பாக்கியம் ஒரு பழைய ரவிக்கையைக் கொண்டாந்தா.

"அது வேண்டாம் சித்தி. அவ வெட்டினதைப் போட்டுத்தான் அவ போவா."

"நூல் யாருடி கோப்பா? கொண்டா, ஊசிக் காதுலயாவது நான் நுழைக்கேன்."

"வேண்டாம் சித்தி. நானே கோக்கேன்."

அப்போ சலோமி உக்காந்தா. ஊசிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணியைப் புடிச்சா, காது மசமசன்னு தெரிஞ்சுது. நூலை எச்சில் தொட்டு நுழைச்சா. குத்துச்சு, ரத்தம் வந்துச்சு, அப்புறம் நுழைஞ்சுது. மிதிச்சா, டக டக. துணியை இழுத்தா தையல் சர்ர்ருனு உருவிட்டு வந்துச்சு. தடவிப் பாத்தா, நூலை இறுக்கிப் புடிக்கிற ரெண்டு வட்டத் தட்டுக்கு நடுவுல நூலைக் குடுக்கவே இல்ல.

ரெண்டாந்தடவை கோத்தா. தட்டுக்குள்ள குடுத்தா. மிதிச்சா, அடியில நூலு கூடு கட்டி, கடக்னு சக்கரம் நின்னுச்சு. மேலயும் கீழயும் ஏறி இறங்குமே ஒரு கொக்கி, அதுல மாட்டாம விட்டுட்டா. வெளிய கோயில் மணி டங்ங்... டங்ங்...

"ம்..."

மூணாந்தடவை. தட்டு, கொக்கி, ஊசி, எல்லாம் சரி. ஆனா துணில ஓட்டைதான் விழுது, தையல் விழல. சித்தி வாசல்ல நின்னு, "பெட்டி வந்துருச்சுடி"ங்குறா. சலோமி தடவிப் பாத்தா, அடியில இருக்கிற நூலு மேல வரவே இல்ல. மேல்நூலை இடதுகையில புடிச்சுக்கிட்டு, சக்கரத்தை மெல்ல ஒரு சுத்து சுத்தினா. ஊசி உள்ள போய், அடிநூலைப் புடிச்சு மேல கூட்டிட்டு வந்துச்சு. ரெண்டு நூலையும் சேத்துப் பின்னாடி தள்ளினா. மிதிச்சா.

டக டக டக டக.

ரவிக்கையில ஒரு கை கொஞ்சம் கோணலாத்தான் வந்துச்சு. பிரிச்சுத் தைக்க நேரமில்ல. அதைப் போட்டுத்தான் ரெஜினாவைக் கொண்டுபோனாங்க.

சாயங்காலம் எல்லாரும் போனப்புறம், சலோமி மிஷின்ல இருந்த நூலை உருவி எடுத்தா. மறுபடி கோத்தா. தட்டு, கொக்கி, ஊசி, அடிநூலு. ஒரே தடவையில வந்துருச்சு. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கல.

அப்பதான் அவளுக்கு அழுகை வந்துச்சு.

அழுது அழுது அவளும் ஓஞ்சா, கதையும் ஓஞ்சுது. கண்ணை மூடு கண்ணு.