எந்த மாசத்து ஏரி?

நான் ஏரிக்குள் வீடு வாங்கினேன்.

தெரிந்து வாங்கவில்லை. வாங்கும்போது அங்கே தண்ணீர் இல்லை. என் பக்கத்து நியாயம் அவ்வளவுதான்.

நான் முள்ளம்பன்றி. இப்போது கிழவன். இது நடந்தபோது நடு வயது. கோபம் மட்டும் அப்போதும் இதே அளவுதான். காத்திருப்பது எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது.

நானும் என் மனைவி வேலம்மாவும் சொட்டைப்பாறைச் சரிவில் ஒரு பொந்தில் இருந்தோம். காய்ந்த வீடு. எத்தனை மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஒரே குறை, இடம் பற்றாது. நான் திரும்பிப் படுத்தால் என் முள் அவள் விலாவில் குத்தும். அவள் திரும்பினால் என் மூக்கில் குத்தும்.

அந்தச் சித்திரையில் வேலம்மா முழுகாமல் இருந்தாள். இரட்டைப் பிள்ளை என்று அவளே சொல்லிவிட்டாள்.

"என்னங்க, ஐப்பசியில ரெண்டு பேர் வந்துருவாங்க. எங்கே படுக்கவைக்கிறது? உங்க தலை மேலயா?"

"பெரிய வீடா வாங்கிடுறேன்!" என்றேன்.

"வாங்கணுமா? பின்பக்கம் மண்ணாத்தானே இருக்கு. தோண்டுங்களேன்!"

தோண்டப் பிறந்த ஜாதி நான். கூரான நகம் நாலு காலிலும் இருக்கிறது. ஆனாலும் அவள் சொல்லி நான் செய்வதா? வாங்கித்தான் தீர்வேன் என்று கிளம்பிவிட்டேன்.

தரகன் ஓணான் கூப்பிட்டது போல் எதிரே வந்தான். பெயர் தலையாட்டி. கைமாறும் இரண்டு வீட்டு வாசலிலும் ஊரும் எறும்பு அவனுக்குத் தரகு.

"அண்ணே! ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு இருக்கு. மூணு அறை! பெருச்சாளி கொழுப்பனோடது. உங்க பொந்தைக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கலாம். வீட்டுக்கு வீடு!"

போய்ப் பார்த்தேன். வாயைப் பிளந்தேன். கருவேல மரத்தடியில் அகலமான வாசல். உள்ளே மெத்தை போல மண். உள்ளறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் பதிந்து பளபளத்தன.

"அலங்காரமா இது? வீட்டோடயா?" என்றேன்.

"வீட்டோடதான் பங்காளி! தனியா எதுவும் தர வேண்டாம்!" என்றான் கொழுப்பன்.

மரத்தில் என் தலைக்கு மேலே, சுற்றிலும் ஒரு மண் கறை ஓடியது. யாரோ மரத்துக்குப் பட்டை அடித்தது போல இருந்தது. அதையும் பாராட்டினேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"ஏன் கொடுக்கிறே?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க எல்லாம் ஊருக்குள்ள போயிட்டாங்க பங்காளி. ஒத்தை ஆளுக்கு எதுக்கு மூணு அறை?"

பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் விவரமானவன் அல்லவா? ஓணானைத் தனியே இழுத்துப் போனேன்.

"தண்ணி வசதி உண்டா?"

தலையை ஆட்டினான்.

"ஆனா வீட்டுக்குள்ள வராதே?"

அதற்கும் ஆட்டினான்.

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வேண்டும்போது தண்ணீர் வரும், வேண்டாதபோது வராது! இப்படி ஒரு வீடு உலகத்திலேயே இதுதான் என்று வேலம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவள் முறைத்தாள்.

"ஊமச்சியைக் கூப்பிட்டு அளந்து பாத்தீங்களா?"

ஊமச்சி என்றால் நத்தை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இந்த ஊமச்சி அளவுக்காரி. அவள் நகர்ந்த வழியெல்லாம் ஒரு வெள்ளிக் கோடு விழும். அதுதான் எங்கள் காட்டில் எல்லை. ஒருவன் வீட்டுக்கு அவள் கோடு போட்டுவிட்டால் யானைகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

வேலம்மாவே ஆள் அனுப்பியிருந்தாள். ஊமச்சி வந்தாள். வந்து சேரவே காலையில் இருந்து மாலை ஆகிவிட்டது.

"எத்தனை நாள் ஆகும்?" என்றேன்.

"மூணு நாள் அண்ணே. ஒரு நாள் நடக்கணும். ஒரு நாள் மண்ணை முகரணும். ஒரு நாள் யோசிக்கணும்."

"யோசிக்க ஒரு நாளா! அந்த மூணு நாள்ல நான் மூணு வீடு தோண்டுவேன்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றாள் வேலம்மா உள்ளே இருந்து.

ஊமச்சி கொம்பை நீட்டினாள்.

"எல்லை என்ன சொன்னாங்க அண்ணே?"

"தெக்கே ஒத்தைப் பனை. வடக்கே ஏரி. கிழக்கே புத்து. மேற்கே முள்ளுப் புதர்."

"எந்த மாசத்து ஏரி?"

"என்னது?"

"வடக்கே ஏரின்னாங்களே. எந்த மாசத்து ஏரி?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "ஏரிக்கு மாசம் ஏது? ஏரின்னா ஏரிதான்! அது அங்கே எங்கேயோ கிடக்கு. கொக்கு நிக்கிறதே கண்ணுக்குத் தெரியலை. நடுவுல இருக்கிற நிலம் முழுக்க எனக்கு! நீ போயிட்டு வா."

"சரிங்க அண்ணே" என்று கொம்பைச் சுருட்டிக்கொண்டாள்.

எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கைமாறும்போது கொடுப்பவன், வாங்குபவன், தரகன் மூவரும் நாலு எல்லையையும் சேர்ந்து நடக்க வேண்டும். நடந்துகொண்டே எல்லையை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பேச்சு முடியும்.

சித்திரை வெயில். ஏரி வரைக்கும் யார் நடப்பது?

"நடந்த மாதிரி வச்சுக்குவோம் பங்காளி!" என்றேன். ஆமாம், சொன்னது நான்தான். கொழுப்பன் இல்லை.

கொழுப்பனுக்கு மீசை துடித்தது. "உங்க இஷ்டம் பங்காளி!"

பனையடியில் நின்ற இடத்திலேயே மூன்று முறை கத்தினோம். "தெக்கே பனை, வடக்கே ஏரி, நடுவில் உள்ள வீடு!" ஓணான் தலையை ஆட்டினான். முடிந்தது. திரும்பிப் பார்த்தால் ஊமச்சி இன்னும் எங்கள் பழைய வாசலைத் தாண்டவில்லை. அவள் புறப்பட்டுப் போவதற்குள் நான் வீட்டையே வாங்கிவிட்டேன் என்று அவள் காதில் விழும்படி சிரித்தேன்.

ஆறு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். ஓர் அறையில் படுப்பேன். இன்னோர் அறையில் கிழங்கு தின்பேன். மூன்றாவது அறைக்குச் சும்மா போய்விட்டு வருவேன்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது.

நான்காம் நாள் பட்டப்பகல். நாங்கள் பகலில் தூங்குகிறவர்கள். நல்ல தூக்கத்தில் வயிறு சில்லென்றது. கனவில் ஆற்றைக் கடக்கிறேன் என்று நினைத்தேன். வேலம்மா ஒரு உதை விட்டாள்.

"எந்திரிங்க! வீட்டுக்குள்ள மீன் போகுது!"

போனது. என் மூக்குக்கு முன்னால் ஒரு கெண்டை போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழியும் நன்றாகத் தெரிந்திருந்தது. நேராக உள்ளறைக்குப் போனது.

வேலம்மாவுக்கு மாசம் நிறைந்திருந்தது. வாசலில் வயிறு சிக்கிக்கொண்டது. தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. பின்னால் இருந்து தள்ளினேன். ஒரு முள்ளம்பன்றியைப் பின்னால் இருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். தழும்பு இன்றும் இருக்கிறது. தள்ளித் தள்ளி அவளை வெளியே எடுத்தேன். நீந்தி, புரண்டு, ஒற்றைப் பனையின் அடிக்கு வந்து விழுந்தோம்.

திரும்பிப் பார்த்தேன். என் நிலம் முழுவதும் ஏரி. கருவேல மரத்தில் தண்ணீர் சரியாக அந்த மண் கறைப் பட்டையில் போய் நின்றது. ஒரு விரல்கூட மேலே இல்லை, கீழே இல்லை.

பனையில் இருந்து கூப்பிடு தூரம்தான் சொட்டைப்பாறை. கொழுப்பன் என் பழைய வாசலில் காய்ந்த மீசையோடு உட்கார்ந்திருந்தான்.

"கொழுப்பா! இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு! வீட்டைத் திருப்பிக் கொடு!"

"அதெப்படி பங்காளி? மூணு தடவை கத்தினோமே! பேச்சுன்னா பேச்சுதான்!"

ஓணான் பனை மட்டையில் தொற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்தேன்.

"தண்ணி வராதுன்னு தலையாட்டினியேடா!"

"நான் எல்லாத்துக்கும்தான் ஆட்டுவேன் அண்ணே. பொறந்ததுல இருந்து ஆட்டுறேன். அதைப் பதில்னு எடுத்துக்கிட்டது உங்க தப்பு!" என்று சொல்லி அதற்கும் ஒரு முறை ஆட்டினான்.

வேலம்மா பனையடியில் சாய்ந்து முனகினாள். மழை அவள் மேல் நேராக விழுந்தது. பாறையைக் கிளப்பிப் போடலாமா, கொழுப்பனைக் கிளப்பிப் போடலாமா என்று நான் முள்ளைச் சிலுப்பினேன்.

அப்போது ஊமச்சி வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக வந்தாள். வெள்ளம் தூக்கிக்கொண்டு வந்து பனையடியில் போட்டது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முகமும் இல்லை எனக்கு.

"ஊமச்சி, இப்பவாவது அளந்து கொடு" என்றாள் வேலம்மா.

ஊமச்சி கொம்பை நீட்டினாள். "கொழுப்பா! அளவுக்கு வா!"

அளவுக்காரி கூப்பிட்டு வராதவனுக்கு எல்லையே கிடையாது. யார் வேண்டுமானாலும் அவன் வீட்டில் புகலாம். கொழுப்பன் முனகிக்கொண்டே இறங்கி வந்தான்.

"எல்லையை நடந்தீங்களா?" என்றாள் ஊமச்சி.

"நடந்த மாதிரி வச்சுக்கிட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்போ பேச்சு இன்னும் முடியலை. இப்போ நடப்போம். சொல்லுங்க, தெக்கே என்ன?"

"ஒத்தைப் பனை!" என்றான் கொழுப்பன்.

"வடக்கே?"

"ஏரி!"

"மூணு தடவை சொல்லு."

சொன்னான். ஓணான் மூன்று முறையும் தலையை ஆட்டினான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவள் நடந்து முடிப்பதற்குள் என் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிடுமே! ஆனால் ஊமச்சி நகரவே இல்லை. பனையின் வேரில் ஒட்டிக்கொண்டு, கொம்பை இப்படி ஒரு முறை திருப்பினாள், அப்படி ஒரு முறை திருப்பினாள். தண்ணீர் அவள் ஓட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"அளந்தாச்சு" என்றாள்.

"என்ன அளந்தே!" என்று கத்தினான் கொழுப்பன்.

"தெக்கே பனை. இங்கே இருக்கு. வடக்கே ஏரி. அதுவும் இங்கேதான் இருக்கு. ரெண்டு எல்லையும் ஒரே இடம். நடுவில் உள்ள வீடுன்னு சொன்னியே. நடுவுல ஒண்ணும் இல்லையே கொழுப்பா! இல்லாத வீட்டைக் கொடுத்து எப்படி இருக்கிற வீட்டை வாங்கினே?"

கொழுப்பன் மீசை தொங்கிப்போனது.

"சித்திரையில இருந்துச்சே!"

"இருந்துச்சு. அது ஏரி ஊருக்குப் போயிருந்தப்போ காலியா கிடந்த வீடு. ஏரியோட வீட்டைக் கொடுக்க நீ யாரு? தெரியாதுன்னு சொல்லாதே. உள்ளறைச் சுவர்ல ஒட்டியிருக்கிறது எங்க பெரியப்பா ஓடு. அவரு தண்ணி நத்தை, தரையில ஒரு நாள்கூட இருந்ததில்லை. தண்ணி அங்கே வரைக்கும் வருஷா வருஷம் வந்திருக்கு. நீயும் வருஷா வருஷம் கரையேறி ஓடியிருக்கே."

"பெரியப்பாவா!" என்றாள் வேலம்மா. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அலங்காரம்னாரே!"

ஆறு மாதமாக நான் விருந்தாளிகளை எல்லாம் கூப்பிட்டு அந்த ஓடுகளைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். தினமும் ஒரு முறை துடைத்தும் வைத்தேன்.

கொழுப்பன் கடைசியாக ஒரு பிடி போட்டுப் பார்த்தான். "சரி, வீட்டைக் கொடுக்கிறேன்! பாறைக்குப் பின்பக்கம் நான் புதுசா ரெண்டு அறை தோண்டியிருக்கேன். அது என்னோடது!"

"எடுத்துட்டுப் போ" என்றாள் ஊமச்சி.

கொழுப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். அறையை எப்படி எடுத்துப் போவது என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு நான் மட்டும் சிரித்தேன்.

வேலம்மாவை மெல்லப் பாறைக்கு ஏற்றினேன். உள்ளே காய்ந்த மண். பின்பக்கம் இரண்டு அறை, அவள் சித்திரையில் தோண்டச் சொன்ன அதே இடத்தில். அன்று சாயங்காலம் அதில் ஓர் அறையில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முள் இன்னும் மெத்தென்று இருந்தது. இன்னோர் அறையின் வாசலில் மழை விடும்வரை கொழுப்பனை இருக்கச் சொன்னது வேலம்மா. நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஊமச்சி பாறையைச் சுற்றி வெள்ளிக் கோடு போட்டாள். மூன்று நாள் ஆனது. ஒரு நாள் நடந்தாள், ஒரு நாள் முகர்ந்தாள், ஒரு நாள் யோசித்தாள். மூன்று நாளும் நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வேலம்மாவைக் கேளுங்கள்.

வீடு வாங்குகிறவன் தன் அவசரத்தையும் தரகன் தலையாட்டுவதையும் நம்பாமல், மண்ணும் தண்ணீரும் தெரிந்த ஆளைக்கொண்டு அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு அளந்து கொடுத்து, பறிகொடுத்த வீட்டை மீட்டுத் தந்தவள் ஊமச்சி.